தண்ணீரில் இறக்கம் கிடையாது

மோப்தி
1987 ஜூன் 9

தம்பி கவுசுவுக்கு அக்கா கும்பா எழுதுவது.

உனக்கும் அசெத்துவுக்கும் பிள்ளைகளுக்கும் உன் லாரிக்கும் சமாதானம். இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதினால்தான் கடிதம் என்பது நம் வழக்கம், ஆகவே எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

உன் அத்தான் பாமூசா மண்ணுக்குப் போய்த் துக்க காலமும் முடிந்தது. எஞ்சின் அவருக்கு முன்பே போய்விட்டது; பிளாக்கில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அவருடைய பினாஸ், அந்த நீளப் படகு, மணலில் கவிழாத குறையாகக் கிடக்கிறது. ஆடுகள் அதன் நிழலில் படுக்கின்றன, அந்த மட்டுக்காவது பயன்படுகிறது.

போன வெள்ளிக்கிழமை அவர் குலத்து, தியென்தா வீட்டுப் பெரியவர்கள் கூடினார்கள். மூத்தவர் தீர்ப்புச் சொன்னார்: "தண்ணி ஏறுறப்போ படகு தன்னால நகர்ந்தா அது பாமூசா புள்ளைங்களோடது. நகரலேன்னா சினாலி எடுத்துக்கட்டும்." சினாலி, உன் அத்தானின் தம்பி. படகை எடுப்பவன் வீட்டையும் எடுப்பான், வீட்டில் இருப்பவளையும் எடுப்பான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள். அவன் பேசுவதைக் கேட்டுக் கேட்டே இருவரும் ஊமையாகிவிட்டார்கள். மூன்றாவது ஊமையாக எனக்கு விருப்பம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை பிடிக்க வந்தபோது, ஆற்றுக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று அப்பா உன்னை மீன்கூடைக்குள் ஒளித்துவைத்து என்னை அனுப்பினார். இப்போது நீ ரோட்டில், நான் ஆற்றில். அவர் போட்ட கணக்கெல்லாம் அப்படித்தான் முடிந்தது.

பமாக்கோவில் லாரி செத்தால் அதன் எஞ்சின் எங்கே போகும்? எனக்கு ஒன்று பார். புதுசு வேண்டாம், மூச்சு விட்டால் போதும்.

அசெத்துவுக்கு என் சலாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவருக்கு ஒரு வாய் தேநீர் கொடு, நல்ல பையன்.

உன் அக்கா
கும்பா


பமாக்கோ
1987 ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம் உன் வாசலில் இருக்கட்டும். பிள்ளைகள் எப்படி? உன் முழங்கால் வலி எப்படி? நாங்கள் சுகம். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். மீன்கூடையில் இருந்தவன் முப்பது வயதுக்கு மேல் கராஜில் கற்றுக்கொண்ட எழுத்து இது.

சிக்காசோவிலிருந்து சோளம் ஏற்றிக்கொண்டு நேற்றுத்தான் வந்தேன். மழைக்கு முந்திய கடைசி நல்ல ஓட்டம். லாரி நன்றாக இழுக்கிறது. பின்பலகையில் எழுதியது வெயிலில் வெளுத்துப்போய்விட்டதால் மஞ்சள் பெயிண்டில் மறுபடி எழுத வைத்தேன்: "மெல்லப் போனாலும் போவோம்." முன்பக்கம் டிங்கர் வேலை பாக்கி. அதுவும் முடிந்தால் நேராக மோப்தித் துறைக்கு ஓட்டிவந்து, நீ காதைப் பொத்திக்கொள்ளும்வரை ஹாரன் அடிப்பேன். லாரியோடு வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். அவர் கேட்க இல்லாவிட்டாலும் துறை இருக்கிறது.

எஞ்சின் தேடினேன். ஒன்றுக்குத் தலை இல்லை, ஒன்றுக்குக் கிராங்க் இல்லை, இரண்டும் இருந்த ஒன்றை என் கண்ணெதிரே எனக்கு முந்தியவன் தூக்கிக்கொண்டு போனான். நம்பிக்கையாக எதுவும் சொல்ல முடியவில்லை. மறுபடி பார்க்கிறேன்.

தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுது.

தம்பி
கவுசு


பமாக்கோ
1987 ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டார் அனைவருக்கும் சமாதானம். உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

எஞ்சின் கிடைத்துவிட்டது. ஆறு சிலிண்டர் டீசல், கியர்பாக்ஸோடு. ஊரைவிட்டுப் போன ஒரு வியாபாரியின் லாரியில் சும்மா கிடந்தது. உப்பு வாங்கப் போகும் ஒருவரின் லாரியில் ஏற்றியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு வந்து சேரும். விலையைப் பற்றிக் கேட்காதே, சும்மா கிடந்ததுக்கு விலை இல்லை.

பொருத்துவதற்குத் துறையில் பட்டறை வைத்திருக்கும் தோகோன்காரன் ஒகோபாராவைக் கூப்பிடு. போசோக்காரரான நம்மைக் கேலி செய்வது தோகோன்காரருக்குப் பாட்டன் காலத்து உரிமை, அதனால் வாய் நீளம்; ஆனால் கை சுத்தம். அவனிடம் இதைப் படித்துக் காட்டு.

ரேடியேட்டரும் விசிறியும் வேண்டாம், கழற்றியே அனுப்பியிருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரை நேராக எஞ்சினுக்குள் விடக் கூடாது. வெள்ளக் காலத்தில் அது தண்ணீர் இல்லை, சேறு. இரும்புக் குழாயைப் படகின் அடிவயிற்றில், வெளிப்பக்கமாக, போகவும் வரவும் ஓட்டி, அதற்குள் சுத்தமான தண்ணீரை அடைத்துச் சுற்றவிட வேண்டும். ஆறு வெளியே இருந்து குளிரவைக்கும். கியர்பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், பின்னால் வர அது வேண்டும். காற்றாடித் தண்டு படகைவிட்டு வெளியேறும் துளையில், தண்ணீர் கசியாதபடி, ஷியா கொட்டை வெண்ணெயில் ஊறிய பருத்திக் கயிற்றைத் திணிக்க வேண்டும்.

படகில் எஞ்சின் பின்பக்கம் சாய்ந்து உட்காரும். எண்ணெய் பின்னால் ஓடிவிடும், அளவுக்கம்பி பொய் சொல்லும். முதலில் சமதரையில் சரியாக எண்ணெய் ஊற்றி, பிறகு சாய்வில் ஏற்றி, கம்பியில் புதுக் கோடு கீற வேண்டும். பழைய கோட்டை நம்பினால் எஞ்சின் காய்ந்து சாகும்.

கடைசியாக ஒன்று. இதை நீ மனப்பாடம் செய். லாரி ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் ஆறும். ஓட்டுகிறவனும் அப்போதுதான் காலை நீட்டுவான். தண்ணீரில் இறக்கம் கிடையாது. துறையை விட்டதிலிருந்து துறை சேரும்வரை அதற்கு ஏற்றம்தான். அதனால் டீசல் பம்பில் வேகத் திருகை நானே குறைத்துவைத்து, கம்பி கட்டி, ஈய முத்திரை போட்டிருக்கிறேன். அதை யாரும் தொடக் கூடாது.

எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது. மழைக்காலம்தானே.

கவுசு


மோப்தி
1987 ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

உன் கைக்கும் கண்ணுக்கும் சமாதானம். எஞ்சின் வந்தது. இறக்கியபோது துறையில் பாதி ஊர் இருந்தது, மீதிப் பாதி சினாலி சொல்லித் தெரிந்துகொண்டது.

ஒகோபாரா வந்தான். வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"அடி மீன்செதிலே, இந்த எஞ்சின் நாறலியே, உன் வீட்டுது இல்லியே?"

"வெங்காயந்தின்னி, வேலையைப் பாரு. எங்க பாட்டன் பஞ்சத்துல தன் தொடையை அறுத்து உன் பாட்டனுக்கு ஆக்கிப் போடலேன்னா இன்னிக்கு நீ புடிக்க உனக்கு மூக்கே இருந்திருக்காது."

"போட்டான், போட்டான். என்ன கறின்னு சொல்லாம போட்டான். நாங்களும் ஆட்டுக்கறின்னு தின்னோம்." எஞ்சினைச் சுற்றிச்சுற்றி வந்தான். கிளட்ச் மூடியைத் திறந்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்: "இந்தா, இப்ப உன் தம்பி உனக்குத் தொடைக்கறி அனுப்பியிருக்கான்! வாயைத் தொடைச்சுக்கிட்டு தின்னு!"

துறையே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்து. பாமூசா போனபிறகு நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வேலை நடக்கிறது. குழாய் ஓட்டியாயிற்று. உன் இறக்கக் கதையைப் படித்துக் காட்டினேன். "ஆறே கீழதானே போகுது, அப்புறம் என்ன இறக்கம் இல்லேங்கறான்?" என்று நான்தான் கேட்டேன். ஒகோபாரா சிரிக்காமல், "ஆறு எறங்குறது எஞ்சினுக்குத் தெரியாது" என்றான்.

உன் லாரியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே? டிங்கர் வேலை முடிந்ததா? தண்ணீர் படிக்கட்டின் நாலாம் படிக்கு வந்துவிட்டது. சினாலி தினமும் வந்து படியை எண்ணிவிட்டுப் போகிறான்.

கும்பா


பமாக்கோ
1987 செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஒகோபாரா அதிகம் பேசுகிறான். வேலையை மட்டும் பார்க்கச் சொல்.

மழை, ஓட்டம் இல்லை. நான் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கராஜில் கைவேலை பார்க்கிறேன், சும்மா இருப்பதற்குப் பதில். அசெத்துவும் அங்கேயே பயறு வடை சுடுகிறாள். வீட்டில் பொழுது போகவில்லையாம். நன்றாக விற்கிறது.

எஞ்சினும் தண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று படகு மணலில் இருக்கும்போது பார்ப்பது போதாது. மரம் தண்ணீரில் ஊறியதும் வளையும். மிதக்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

கவுசு


மோப்தி
1987 செப்டம்பர் 24

தம்பிக்கு,

சமாதானம், சமாதானம், இன்று மூன்றாவது முறையாகவும் சமாதானம். படகு நகர்ந்தது.

முதலில் பின்னால் நகர்ந்தது. பெரியவர்கள் ஏழு பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், கோலாக் கொட்டை மெல்லுகிறார்கள், சினாலி நல்ல சட்டை போட்டு வந்திருக்கிறான். ஒகோபாரா எஞ்சினை முடுக்கினான். அடாடா, என்ன சத்தம்! முதல் கியரைப் போட்டான். படகு அழகாகப் பின்னால் வந்து பெரியவர்களின் பாய்வரை தண்ணீரை அடித்தது. செருப்புகள் மிதந்தன. தண்ணீரைத் தள்ளப் பழைய எஞ்சினின் காற்றாடியையே மாட்டியிருக்கிறான். அது எதிர்ப்பக்கம் சுற்றுவதற்கென்று வார்த்தது.

"போசோக்காரங்க படகு இப்படித்தான் போகும்" என்றான் ஒகோபாரா, வெட்கமே இல்லாமல். "முன்னாடி போகணும்னா தலைகீழா உக்காருங்க."

சினாலி எழுந்தான். "நகரலே. பின்னாடி போறது நகர்றதா?"

அதற்கு மூத்தவர் தன் நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி சொன்னார்: "என் செருப்பு நகர்ந்துச்சு. படகு நகராமயா நகர்ந்துச்சு? படகு பாமூசா புள்ளைங்களோடது."

அவ்வளவுதான், கவுசு. ஜூன் மாதத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரு ஈரச்செருப்பால் எழுந்து போய்விட்டது. காற்றாடியை மாற்றினோம், மிதக்கவிட்டு மறுபடி நேர் பார்த்தோம், அளவுக்கம்பியில் கோடு கீறினோம். இனி தெபோ ஏரிவரை போகலாம். சுக்கான் பிடிக்க சினாலியையே வைத்திருக்கிறேன். ஆற்றின் அடிமணலை அவனைப்போல் அறிந்தவன் இல்லை, அதற்காக அவன் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறேன்.

நீ வா. வந்து உன் காதால் கேள். லாரிக்கு டிங்கர் வேலை முடியாவிட்டால் என்ன, இங்கே யார் அதைப் பார்க்கப் போகிறார்கள்?

கும்பா


பமாக்கோ
1987 அக்டோபர் 19

அக்கா,

கேட்டு மகிழ்ந்தோம். அசெத்து அழுதாள். இப்போது வர முடியாது. முத்திரை பத்திரம்.

கவுசு


மோப்தி
1987 நவம்பர் 15

தம்பிக்கு,

சமாதானம். மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினாய், நானும் அதை ஐந்தாறு தடவை படித்துவிட்டேன். உடம்பு சுகமா? உண்மையாகக் கேட்கிறேன்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. வியாழன் சந்தைக்குத் திரும்ப வேண்டும், வெள்ளி ஏற்ற வேண்டும், சனி புறப்பட வேண்டும். அரிசி மூட்டை, வெங்காயம், கருவாடு, கன்றுக்குட்டி, பிரசவத்துக்குப் போகிறவள், கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் எல்லோரும் ஏறுகிறார்கள். இறங்கும்போது எல்லோருக்கும் என்னிடம் ஒரு குறை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன என்று ஓட்டுகிறேன்.

ஒரு சந்தேகம். கொன்னாவில் எனக்குத் தெரிந்த ஒருத்திக்குப் படகு இருக்கிறது, நம்முடையதைப் போன்ற எஞ்சின். அவளுடைய சுக்கான்காரன், சந்தைக்கு முதல் படகாகச் சேர வேண்டும் என்ற வெறியில், அவள் கரையில் இருந்த நேரம் பார்த்து முத்திரையை உடைத்து வேகத்தை ஏற்றிவிட்டானாம். இரண்டு பயணம் பறந்தார்களாம். இப்போது அடியிலிருந்து டக்டக்கென்று தட்டுகிறதாம். அவள் என்ன செய்ய வேண்டும்? அவளுக்கு உறக்கம் இல்லை, பாவம்.

நம் எஞ்சின் சுகம்.

கும்பா


பமாக்கோ
1987 நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

கொன்னாக்காரியிடம் சொல்: ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். துணியில் மினுமினுப்பு இருந்தால் பேரிங் தேய்கிறது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். அடித்தொட்டியைக் கழற்றி, முன்னாலிருந்து மூன்றாவதை மட்டும் பார்த்தால் போதும், எப்போதும் அந்த மூன்றாவதுதான். அந்த இடத்தில் கிராங்கைக் கடைந்திருக்கிறது, சாதாரண அளவு பேரிங் ஆடும், தடித்தது போட வேண்டும். கடையில் கிடைக்காது. என்னிடம் ஒரு ஜோடி கிடந்தது. இந்த டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன், அசெத்துவின் பழைய முக்காட்டில் சுற்றியிருக்கிறது.

மாட்டியபிறகு முதல் பயணம் மெதுவாகப் போகட்டும். புது பேரிங் போட்டால் அது இரண்டு நாள் முணுமுணுக்கும், பிறகு பழகிவிடும். சில்லென்ற காலையில் முடுக்கும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை விடும். அதற்குப் பயப்பட வேண்டாம், அது அதன் குணம்.

அவளைத் தூங்கச் சொல்.

கவுசு


மோப்தி
1987 டிசம்பர் 13

கவுசு,

உனக்குச் சமாதானம் சொல்ல எனக்கு இன்று வாய் வரவில்லை. இருந்தாலும் சமாதானம்.

கொன்னாக்காரி யார் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாய். சினாலி முத்திரையை உடைத்தான், நான் அதை உனக்கு மறைத்தேன், அது கிடக்கட்டும். இப்போது உன் மறைப்புக்கு வருகிறேன்.

அடித்தொட்டியைக் கழற்றினோம். மூன்றாவதுதான். ஒகோபாரா உன் முக்காட்டு மூட்டையைப் பிரித்து பேரிங்கை வைத்தான், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் உட்கார்ந்தது.

"எவனோ வியாபாரி விட்டுட்டுப் போன எஞ்சின். இவனுக்கு எப்படிடா மூணாவதுன்னு தெரியும்? காலைல வெள்ளைப் புகை விடும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். மீன்மூளை என்பான், தவளை என்பான். அவன் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, உக்காரு" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன்.

"அன்னிக்குத் தொடைக்கறின்னு சொன்னேனே, அது கேலி இல்லே. கிளட்ச்சைத் தொறந்தேன், புத்தம்புதுசு. செத்த லாரிக்கு எவன் புது கிளட்ச் போடுவான்? உன் தம்பிகிட்ட ஆள் விட்டுக் கேட்டேன். 'உன் பாட்டன் தின்ன கறி மேல ஆணை, அக்காகிட்ட சொல்லாதே'ன்னு பதில் வந்துச்சு. போசோக்காரன் அந்தக் கறி மேல ஆணை வச்சுக் கேட்டா நான் எப்படி மாட்டேங்கறது? ஆனா உன்கிட்டயும் எனக்குப் பொய் சொல்ல முடியாது. அந்த ஆணை வர்றதுக்கு முன்னாடியே உண்மையை நான் கேலி மாதிரி சொல்லிட்டேன், நீயும் சிரிச்சிட்டே. அதுக்கப்புறம் சும்மா இருந்தேன்."

ஆமாம், சிரித்தேன். தோகோன்காரன் சொல்வதை எந்த போசோக்காரி நம்பியிருக்கிறாள்? துறையே சிரித்ததே. உன் லாரியின் நெஞ்சைப் பிளந்து எடுத்ததை நடுத்துறையில் வைத்துக்கொண்டு நான் கண்ணில் நீர்வரச் சிரித்தேன். அசெத்துவுக்குப் பொழுது போகவில்லை என்று எழுதினாய், அதையும் நம்பினேன். ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போன எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

உன்மேல் கோபம். கோபப்படக்கூடத் தெம்பில்லை, அதனால் முடிவை மட்டும் எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் தண்ணீர் வடிந்துவிடும், பெரிய படகெல்லாம் மணலேறும். எஞ்சின் ஏழு மாதம் சும்மா கிடக்கும். அந்த மாதங்கள்தான் ரோட்டுக்கு நல்ல மாதங்கள். கழற்றி உனக்கு அனுப்புகிறேன். உன் லாரியில் மாட்டு, ஓட்டு. ஆகஸ்டில் திருப்பி அனுப்பு. தண்ணீர் இருக்கும்வரை எனக்கு, வடிந்தால் உனக்கு. ஒகோபாராவிடம் சொன்னேன், முடியும் என்கிறான்.

மறுத்து எழுதாதே.

கும்பா


பமாக்கோ
1988 ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். உன் கடிதத்தை அசெத்துவுக்கு நானே படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

நல்ல திட்டம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஒரு வெள்ளக் காலம் உனக்கு இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆனால் எஞ்சின் இல்லாத லாரியைத் தெருவில் நிறுத்திவைக்க முடியவில்லை. முதலில் டயர்கள் போயின. வீட்டு வாடகைக்கு அச்சு போயிற்று. அக்டோபரில், உன் படகு நகர்ந்த செய்தி வந்த வாரம், மீதியைக் கொல்லர்கள் வந்து வெட்டி எடுத்துப்போனார்கள். இந்நேரம் அது மண்வெட்டியும் அடுப்புமாக எங்கெங்கோ இருக்கும். அதனால்தான் அன்றைக்கு மூன்று வரிக்கு மேல் எழுத வரவில்லை.

பின்பலகையை மட்டும் கொடுக்கவில்லை. இரண்டு கல்லின்மேல் போட்டு வைத்திருக்கிறோம், அசெத்துவிடம் வடை தின்ன வருகிறவர்கள் அதன்மேல் உட்காருகிறார்கள். "மெல்லப் போனாலும் போவோம்" என்பதன்மேல் உட்கார்ந்து வடை தின்றுவிட்டு அவரவர் பஸ்ஸில் போய்விடுகிறார்கள்.

எஞ்சினை அனுப்பாதே, மாட்ட இங்கே ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். உனக்குக் கொடுத்ததில் வருத்தம் இல்லை. அலுப்புதான். ஊருக்கு வா என்கிறாய். லாரியோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் எந்த முகத்தோடு நடந்து வருவது?

பிள்ளைகளுக்கு முத்தம். பேரிங் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டதா?

கவுசு


மோப்தி
1988 ஜனவரி 29

தம்பி கவுசுவுக்கு,

உனக்கும் அசெத்துவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பலகைக்கும் சமாதானம்.

இனி அழுது என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் அழுதேன், முடித்துவிட்டேன். படகு நேற்று மணலேறியது.

எஞ்சின் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டது. காலையில் வெள்ளைப் புகை விடுகிறது, பயப்படவில்லை. ஆனால் ஈய முத்திரை உடைந்தே கிடக்கிறது. அதை வைக்கத் தெரிந்தவன் இந்தத் துறையில் ஒருவனும் இல்லை. சினாலி சுக்கான் பிடிக்கட்டும், ஆனால் எஞ்சின் பக்கத்தில் படுக்க, அதன் குணம் தெரிந்த ஒருவன் எனக்கு வேண்டும். தண்ணீரில் இறக்கம் கிடையாது என்று எழுதினாய். இந்த வெள்ளக் காலம் முழுக்க அதை நான் என் முழங்காலில் படித்துவிட்டேன். நீ ஒரு வருஷம் பார், நான் கொஞ்சம் காலை நீட்டுகிறேன்.

எந்த முகத்தோடு நடந்து வருவது என்று கேட்டாய். துறைக்குள் லாரி வராது, கவுசு, நீ போனபிறகு படிக்கட்டு கட்டிவிட்டார்கள். எல்லோரும் நடந்துதான் வருகிறார்கள்.

பலகையோடு வா. ஒகோபாரா மறுபடி திட்ட ஆரம்பித்துவிட்டான், அதனால் எனக்கு நிம்மதி. "லாரிக்காரன் வந்தா நாத்தம் ரெண்டு மடங்காயிடுமே" என்று புலம்பிக்கொண்டே, படகின் பின்பக்கம் அந்தப் பலகையை மாட்ட நாலு துளை போட்டு வைத்திருக்கிறான். அளவு கேட்காமல் போட்டான். தப்பாக இருந்தால் நீயே வந்து அவனைத் திட்டு.

உன் அக்கா
கும்பா